பட்ட மரத்துக்காக ஒரு விண்ணப்பம்

பட்டுப்போன மரத்துக்கு நம் ஊர்களில் இரண்டே கதிகள் உண்டு: தனியார் நிலத்தில் நின்றால் விறகு, சர்க்கார் நிலத்தில் நின்றால் ஏலம். சாலையோரத்துப் புளியோ, ஏரிக்கரை நாவலோ, கோயில் நந்தவனத்து இலுப்பையோ, இலை உதிர்ந்து மறுபடி துளிர்க்கவில்லை என்று தெரிந்த மாத்திரத்தில், அது இனி யாருக்கும் பிரயோஜனப்படாத பொருள் என்ற தீர்மானத்துக்கு நாம் வந்துவிடுகிறோம்; அதன் நிழலில் காலமெல்லாம் இளைப்பாறியவர்கள்கூட அதை வெட்டுவதற்கு ஆட்சேபம் சொல்வதில்லை. பச்சை மரத்தை வெட்டினால் குரல் கொடுப்பதற்கு இன்று நல்லவேளையாகப் பலர் இருக்கிறார்கள். பட்ட மரத்துக்காகப் பேசுவார் அரியர். அந்தப் பட்ட மரத்தையும் முதிய மரத்தின் பட்டையையும் நம்பியே ஜீவனம் நடத்துகிற பறவைகள் உண்டு. அவை தம் ஆகாரத்தைத் தேடிக்கொள்ளும் விதத்தைச் சற்றே கவனித்தோமானால், நம்முடைய தீர்மானம் எவ்வளவு அவசரமானது என்பது தானே விளங்கும்.

நம் நாட்டுத் தோப்புகளிலும் சாலை மரங்களிலும் சாதாரணமாகக் காணக்கூடிய பொன்முதுகு மரங்கொத்தியையே எடுத்துக்கொள்வோம். பொன்னிற முதுகும் செந்நிறக் கொண்டையுமாக, கனைப்பது போன்ற உரத்த குரலுடன் அலை அலையாகப் பறந்து வந்து அடிமரத்தில் ஒட்டிக்கொள்ளும் இப்பறவையின் அங்கங்கள் யாவும் செங்குத்தான மரத்தில் தொழில் செய்வதற்கென்றே அமைந்தவை. மற்றப் பறவைகளிற் பெரும்பாலானவற்றுக்கு முன்னே மூன்று விரல்களும் பின்னே ஒரு விரலும் இருக்க, மரங்கொத்தி முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக விரல்களை விரித்துப் பட்டையைப் பற்றுகிறது. அதன் வால் இறகுகள் விறைப்பானவை; அவற்றை மரத்தில் ஊன்றி, கால்களோடு மூன்றாவது ஆதாரமாகக் கொண்டே அது உடலைப் பின்னுக்குச் சாய்த்து ஓங்கிக் கொத்துகிறது. ஆண்டுதோறும் இறகு உதிர்க்கும் பருவத்திலும், வாலின் நடுவிலுள்ள இரண்டு இறகுகளை மட்டும் ஏனைய வால் இறகுகள் புதிதாக முளைத்து முடியும்வரை அது உதிர்ப்பதில்லை. ஒரு நாளேனும் ஊன்றுகோல் இல்லாமல் தொழில் நடவாது என்பதை அதன் உடம்பே அறிந்துவைத்திருக்கிறது.

மரத்தினுள்ளே புழு இருக்கிறது என்பதை அது எவ்வாறு கண்டுகொள்கிறது? கண், காது, நாக்கு ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்விசாரணையில் ஈடுபடுகின்றன. வண்டுகள் பட்டையின் இடுக்கில் முட்டையிட, அம்முட்டையிலிருந்து வெளிவரும் புழு பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலோ, இன்னும் ஆழத்திலோ வழி குடைந்துகொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே வளர்கிறது. அது குடைந்த இடத்தில் பட்டை நிறம் மாறியும் உப்பியும் விரிசல் கண்டும் இருக்கலாம். துளையின் வாயில் மரத்தூள் சிந்தியிருக்கலாம். இந்த அடையாளங்களைக் கண்ணால் ஆராய்ந்துகொண்டே மேலேறும் மரங்கொத்தி, ஐயத்துக்கிடமான இடத்தில் அலகால் மெல்லத் தட்டுகிறது, நிற்கிறது, தலையைச் சாய்த்து மறுபடியும் சற்றுத் தள்ளித் தட்டுகிறது. சந்தையில் பானை வாங்கும் பெண் விரலால் சுண்டிப் பார்த்து ஓசையிலிருந்தே கீறலை அறிந்துகொள்வதைப் போல, கெட்டியான மரம் தரும் ஒலிக்கும் உட்குடைந்த மரம் தரும் ஒலிக்கும் உள்ள பேதத்தைக் கொண்டே புழுவின் சுரங்கம் எங்கே ஓடுகிறது என்பதை அது நிச்சயித்துக்கொள்கிறது. அதன் பிறகே உளிபோன்ற அலகால் பலமாகக் கொத்திச் சிராய்களைப் பெயர்க்கும் வேலை ஆரம்பமாகிறது. இனப்பெருக்கக் காலத்தில் காய்ந்த கிளையின்மீது மரங்கொத்திகள் இடைவிடாது முழக்குவது வேறு காரியம். சில இனங்கள் ஒரு விநாடிக்கு இருபது தடவை வரை அடிக்கும் அம்முழக்கம், எல்லையை அறிவிப்பதற்கும் துணையை அழைப்பதற்கும் உரியதேயன்றி ஆகாரத்தின் பொருட்டு எழுவதன்று.

சுரங்கம் திறந்தவுடன் நாக்கின் முறை வருகிறது. மரங்கொத்தியின் நாக்கைத் தாங்கும் மெல்லிய எலும்புகள் தொண்டையிலிருந்து புறப்பட்டு, மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி, உச்சியைக் கடந்து நெற்றி வரை வந்து முடிகின்றன. அவ்வளவு நீளத்தையும் உள்ளே சுருட்டி வைத்திருப்பதனாலேயே அலகுக்கு வெகு தூரம் வெளியே நாக்கை நீட்ட அதனால் முடிகிறது. நாக்கின் நுனியில் பின்னோக்கிய சிறு முட்கள். மேற்புறமெங்கும் பசைபோன்ற உமிழ்நீர். வளைந்து நெளிந்து செல்லும் சுரங்கத்தினுள் கண்ணின் உதவியே இல்லாமல் தடவிச் சென்று, புழுவை ஒட்டியும் குத்தியும் இழுத்து வந்துவிடுகிறது இந்த நாக்கு. எறும்புக் கூட்டத்தையும் கறையானையும் தின்னும்போதும் இதே கருவிதான் பயன்படுகிறது.

இவ்வளவு பலமாகக் கொத்தும் பறவைக்கு மூளை கலங்காதா என்ற கேள்விக்கு, அதன் மண்டையோடு அதிர்ச்சியைத் தாங்கி உறிஞ்சிக்கொள்ளும் ஒரு மெத்தையாக அமைந்திருக்கிறது என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த சமாதானம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் சர்வகலாசாலையைச் சேர்ந்த சாம் வான் வாஸன்பெர்க் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், மூன்று இன மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இச்சமாதானத்தைத் தள்ளிவிட்டது. மண்டையோடு அதிர்ச்சியை உறிஞ்சினால் கொத்தின் வேகமும் அதனோடு வீணாகிவிடுமாதலால், அது கெட்டியான சுத்தியலைப்போலவே இயங்குகிறது என்றும், மூளை மிகச் சிறியதாக இருப்பதனாலேயே பறவைக்கு அபாயம் நேர்வதில்லை என்றும் அவர்கள் நிரூபித்தார்கள்.

இத்தகைய உழைப்பைக் கண்ட இடத்திலெல்லாம் செலவிடப் பறவைக்குக் கட்டுப்படியாகாது. எந்த மரத்தில் நிற்பது, எந்த மரத்தை விட்டு விலகுவது என்ற விவேகம் அதற்கு வேண்டும். அந்த விவேகம் உண்டு என்பதற்கு ஓர் அழகிய பரிசோதனை சான்றாக இருக்கிறது. ஸ்டீவன் லைமா என்ற அமெரிக்க ஆய்வாளர், 24 துளைகளிட்ட மரக்கட்டைகளைக் காட்டில் தொங்கவிட்டு, சிலவற்றின் துளைகளில் தீனியை மறைத்தும் சிலவற்றை வெறுமையாக விட்டும், அங்கு வாழ்ந்த டௌனி மரங்கொத்திகள் என்ன செய்கின்றன என்று கவனித்து, 1984-இல் அதன் முடிவை வெளியிட்டார். தீனியுள்ள கட்டைகளில் எல்லாத் துளைகளும் நிரம்பியிருந்த நாட்களில், வெறும் கட்டைக்கு வந்த பறவை ஓரிரு துளைகளைப் பார்த்த அளவிலேயே அகன்றது. தீனியுள்ள கட்டைகளிலும் ஆறு துளைகளில் மட்டுமே தீனி இருந்த நாட்களில், வெறும் கட்டையில் சுமார் ஆறு துளைகளைச் சோதித்துப் பார்த்த பின்னரே நம்பிக்கையைக் கைவிட்டது. கணித சாஸ்திரம் இத்தனை துளைகளே போதும் என்று சொல்லும் எண்ணிக்கைக்கு வெகு அருகிலேயே அப்பறவை, அனுபவத்தையன்றி வேறு ஆசானை அறியாமல், வந்து சேர்ந்துவிட்டது.

மரப்பட்டையில் பிழைப்பு நடத்துவது மரங்கொத்தி மாத்திரமன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், பவழ நிற அலகும் நீல முதுகும் வாய்ந்த நட்ஹாட்ச் என்னும் சிறு பறவை, வாலின் உதவி சிறிதுமின்றி, ஒரு காலை மேலே கொக்கியாக மாட்டி மறு காலைக் கீழே முட்டுக்கொடுத்து, தலைகீழாகவே அடிமரத்தில் இறங்கி வரும். ஐரோப்பாவிலும் இமயமலைச் சாரலிலும் வாழும் ட்ரீகிரீப்பர் என்னும் பறவைகளோ, மெல்லிய வளைந்த அலகால் பட்டையின் இடுக்குகளைத் துழாவிக்கொண்டு, மரத்தின் அடியிலிருந்து சுற்றிச் சுற்றி மேலேறி, உச்சியை நெருங்கியதும் அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்து சென்று மறுபடியும் ஏறத் தொடங்கும். கீழிருந்து மேலே போகிறவனின் கண்ணுக்குத் தப்பிய பூச்சி, மேலிருந்து கீழே வருகிறவனின் கண்ணில் படுகிறது. ஆகவே ஒரே மரம் பலருக்கு ஆகாரம் அளிக்க முடிகிறது. ஒரே இனத்துக்குள்ளும் இந்தப் பங்கீடு உண்டு: டௌனி மரங்கொத்திகளில் ஆண் மெல்லிய கிளைகளிலும் பெண் தடித்த கிளைகளிலும் அடிமரத்திலும் இரை தேடுகின்றன, ஆண்களை அப்புறப்படுத்திப் பார்த்தபோது பெண்கள் மெல்லிய கிளைகளுக்கு மாறியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் காடுகளில் மரங்கொத்திகள் பட்டையைப் பெயர்க்கும்போது கலைந்து பறக்கும் பூச்சிகளை எதிர்பார்த்துத் துடுப்புவால் கரிச்சான் அவற்றின் பின்னாலேயே செல்வதும் கண்கூடு.

மரத்தினுள் ஒளிந்துள்ள செல்வம் எத்தகையது என்பதை அறிய, மரங்கொத்திகளே இல்லாத தேசங்களைப் பார்க்க வேண்டும். மடகாஸ்கர் தீவில் மரங்கொத்தி கிடையாது; அங்கே ஐ-ஐ என்னும் இரவு விலங்கு, குச்சிபோல மெலிந்து நீண்ட நடுவிரலால் மரத்தைத் தட்டி, பெரிய காதுகளால் உற்றுக் கேட்டு, பற்களால் குடைந்து, அதே விரலால் புழுவை வெளியே இழுக்கிறது. காலாபகஸ் தீவுகளில் ஒரு சிட்டு, குச்சியையோ கள்ளி முள்ளையோ அலகில் ஏந்திப் பொந்திலிருந்து புழுவைக் கிளறி எடுக்கிறது. ஹவாய்த் தீவில் அகியாபோலாவு என்னும் பறவை, நேரான கீழலகால் மரத்தைக் கொத்தி, வளைந்து நீண்ட மேலலகால் துழாவுகிறது. நியூஜிலாந்தின் ஹூயா பறவையில் ஆணுக்குக் குட்டையான தடித்த அலகும் பெண்ணுக்கு நீண்டு வளைந்த அலகும் இருந்தன. 1907-க்குப் பிறகு அப்பறவையை நிச்சயமாகக் கண்டவர் எவருமில்லை. சமுத்திரங்களால் பிரிக்கப்பட்ட நான்கு இடங்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஜீவன்கள் ஒரே தொழிலை வெவ்வேறு கருவிகளால் கற்றுக்கொண்டன என்றால், மரத்தினுள் இருக்கும் ஆகாரம் சிருஷ்டியில் எவ்வளவு பெரிய பண்டசாலை என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இந்தப் பண்டசாலையை மூடிவிட்டால் நேர்வது என்ன என்பதை அமெரிக்கா தன் அனுபவத்தால் கற்றுக்கொண்டது. தந்தம் போன்ற வெண்ணிற அலகை உடையதும் அந்நாட்டு மரங்கொத்திகளிலெல்லாம் பெரியதுமான ஐவரி-பில்ட் என்ற இனம், தென் மாகாணங்களின் ஆற்றோரச் சதுப்புக் காடுகளில் வாழ்ந்தது. ஜேம்ஸ் டானர் என்ற இளம் விஞ்ஞானி 1937 முதல் 1939 வரை அதனைத் தேடி அலைந்து ஆராய்ந்து, 1942-இல் நூலாக வெளியிட்டார். பட்டு இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன பெரிய மரங்களின் பட்டையை உரித்து, அதனடியிலுள்ள வண்டுப் புழுக்களைத் தின்பதே அதன் முக்கிய ஜீவனம் என்பதும், அத்தகைய மரங்கள் எந்தக் காட்டிலும் சொற்பமாகவே இருக்குமாதலால் ஒரு ஜோடிக்கு ஆறு சதுர மைல் காடாவது வேண்டியிருந்தது என்பதும் அவர் கண்ட உண்மைகள். லூயிசியானாவில் எஞ்சியிருந்த கடைசிப் பெருங்காட்டை இரண்டாம் உலக யுத்த காலத்தில் மர வியாபாரிகள் வெட்டத் தொடங்கியபோது, நான்கு மாகாணங்களின் கவர்னர்கள் தடுத்துக் கேட்டும் பயனில்லாமற் போயிற்று. 1944-இல் அக்காட்டில் தனியாக நின்ற ஒரு பெண் பறவையைக் கண்டதே, எல்லாரும் ஐயமின்றி ஒப்புக்கொள்ளும் கடைசிக் காட்சி.

ஐரோப்பாவில் இதே வழக்கு நீதிமன்றமே ஏறியது. போலந்து நாட்டின் பியாவோவீஷா என்னும் புராதன வனத்தில், பட்டைவண்டுகள் ஊசியிலை மரங்களைத் தாக்குகின்றன என்ற காரணத்தைக் காட்டி, 2016-இல் அந்நாட்டு அரசு மரம் வெட்டும் அளவை மும்மடங்காக உயர்த்தியது. வண்டு தாக்கிய மரத்தை வெட்டுவது காட்டுக்கு வைத்தியம் என்று அரசு வாதித்தது. அந்த மரங்களே முவ்விரல் மரங்கொத்திக்கும் வெண்முதுகு மரங்கொத்திக்கும் அரிய வண்டினங்களுக்கும் ஆதாரம் என்று எதிர்த்தரப்பு வாதித்தது. 2018 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வெட்டுதல் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. முவ்விரல் மரங்கொத்தி அந்தப் பட்டைவண்டையே உணவாகக் கொள்வது என்பதை நினைத்தால், நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி வைத்தியனையும் சேர்த்து விரட்டியதாகவே அரசின் காரியம் முடிந்திருக்கும். அமெரிக்காவில் 2002-இல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டுக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்த மரகத வண்டின் விஷயத்திலும், புழுக்களைத் தேடி மரங்கொத்திகள் மேற்பட்டையைச் செதுக்கியெறிந்த வெளிறிய திட்டுகளே, மரம் பீடிக்கப்பட்டிருப்பதை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் அடையாளமாக உதவுகின்றன.

பட்ட மரத்தின் பயன் ஆகாரத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. மரங்கொத்தி ஒரு பருவத்துக்குக் குடைந்து விட்டுச்சென்ற பொந்தில் அடுத்து மைனாவோ, பச்சைக்கிளியோ, புள்ளி ஆந்தையோ, குண்டுகரிச்சானோ குடியேறுகின்றன. தலையிழந்த பனையின் உச்சிப் பொந்தில் பனங்காடை முட்டையிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மரத்தைத் தாமே குடையும் சக்தி இல்லை. வயலில் எலி பெருகிவிட்டது, பூச்சி பெருகிவிட்டது என்று முறையிடும் நாம், எலியையும் பூச்சியையும் தின்னும் பறவைகளுக்கு இருந்த வீடுகளை ஏலத்தில் விற்றுவிட்டோம் என்பதைச் சேர்த்து நினைப்பதில்லை.

இவ்விடத்தில் நியாயமான ஆட்சேபங்கள் எழும். தென்னை விவசாயி, காண்டாமிருக வண்டு அழுகிய தென்னந்தண்டிலும் முட்டையிட்டுப் பெருகுகிறது, ஆகவே பட்ட தென்னையை அப்புறப்படுத்துங்கள் என்று விவசாய இலாகாவே சொல்கிறதே என்று கேட்பார். அவர் சொல்வது சரியே. தென்னந்தோப்புக்குள்ளும் அதன் சுற்றுப்புறத்திலும் பட்ட தென்னையை விட்டுவைக்கும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் மரங்கொத்தி துளையிட்டதனாலேயே தென்னை கெட்டது என்று அவர் கருதினால், காரணத்தையும் காரியத்தையும் அவர் இடம் மாற்றிக்கொண்டவராகலாம். சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே குடைந்து நைந்துபோன தண்டு, கொத்துவதற்கு எளிதாகவும் இரை நிரம்பியதாகவும் இருப்பதாலேயே பறவை பெரும்பாலும் அதை நாடி வருகிறது. இரண்டாவது ஆட்சேபம் உயிரபாயத்தைப் பற்றியது. பள்ளிக்கூட வாசலிலும், பஸ் நிற்கும் இடத்திலும், குடியிருப்பின் கூரைக்கு மேலும் பட்ட கிளை சாய்ந்து நிற்க யாரும் அனுமதிக்க முடியாது. அங்கும் மரத்தை வேரோடு சாய்க்க வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை; விழக்கூடிய கிளைகளைக் கழித்துவிட்டு, அடிமரம் உறுதியாக இருக்குமானால் இரண்டு ஆள் உயரத்துக்கு அதை நிற்க விடலாம். மரங்கொத்திக்கு வேண்டியது நிழலன்று; உளுத்த மரமும் உரியும் பட்டையுமே.

இவ்விரண்டு விலக்குகளும் போக, ஏரிக்கரைகளிலும், கோயில் காடுகளிலும், கல்லூரி வளாகங்களிலும், புறம்போக்கு நிலங்களிலும், போக்குவரத்தில்லாத வண்டிப்பாதை ஓரங்களிலும் யாருக்கும் இடையூறின்றி நிற்கும் பட்ட மரங்கள் ஏராளம். அவற்றை ஏலம் விடுவதால் சர்க்கார் கஜானாவுக்குக் கிடைப்பது விறகு விலை. இழப்பதோ, மறுபடி உண்டாக ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும் பொருள். மரக்கன்று நடும் விழாக்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இன்று நட்ட கன்று, பட்டை தடித்து, உள்ளே வைரம் பாய்ந்து, கிளை பட்டு, மரங்கொத்திக்கு இரை தரும் நிலையை அடைவதற்கு, நட்டவருடைய ஆயுட்காலமும் போதாமல் இருக்கலாம். ஆகவே கன்று நடுவது எவ்வளவு அவசியமோ, முதிர்ந்ததையும் பட்டதையும் விட்டுவைப்பது அதற்குக் குறையாத அவசியம்.

பட்ட மரங்களை ஏலத்துக்குப் பட்டியலிடும் அதிகாரிகள், ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே அதன் விலையை எழுதுவதற்கு முன், அது யாருக்கேனும் அபாயம் விளைவிக்குமா என்ற ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இல்லை என்பது பதிலானால் அம்மரத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ, பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஊராட்சி மன்றங்களும் கோயில் நிர்வாகங்களும் கல்லூரி முதல்வர்களும், வேறு யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தங்கள் எல்லைக்குட்பட்ட மரங்களின் விஷயத்தில் இந்த விதியை இன்றே அனுசரிக்கத் தொடங்கலாம். தொடங்க வேண்டும் என்பதே நம்முடைய விண்ணப்பம்.